மணமகள் அறையில் செல்வி

1991 டிசம்பர். காலை ஏழு மணிக்குக் கிருஷ்ணகிரியில் ஓசூர் பஸ் ஏறினேன். ஐம்பது கிலோமீட்டர், டிக்கெட் ஏழு ரூபாய். காவிரித் தகராறில் பெங்களூரை விட்டு ஓடிவந்த குடும்பங்கள் ஓசூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் தங்கியிருந்தன. போலியோ பிள்ளைகளுக்குப் பயிற்சி தருவது என் வேலை. அங்கே அப்படி யாராவது இருந்தால் பார்த்துவரப் புறப்பட்டேன்.

“எல்லாரும் ஜூஜுவாடி செக்போஸ்ட் தாண்டி இந்தப் பக்கம் வராங்க. நீங்க அந்தப் பக்கம் போறீங்களே மேடம்” என்றார் கண்டக்டர்.

“ஓசூரோட எறங்கிருவேன், பயப்படாதீங்க.”

ஒன்பது மணிக்கு மண்டபம். மார்கழியில் முகூர்த்தம் கிடையாது, அதனால்தான் காலியாகக் கிடைத்திருந்தது. மேலாளர் வெங்கடப்பா என்னை நேரே மணமேடைக்கு அழைத்துப்போனார். மாப்பிள்ளை உட்காரும் சிவப்பு வெல்வெட் நாற்காலியில் ஒன்பது வயதுச் செல்வி. கால்கள் இரண்டும் சூம்பியிருந்தன.

“நடக்காத கொழந்தை, கூட்டத்துல மிதிபடக் கூடாதுல்ல? அதான் ராணி மாதிரி உக்கார வச்சிட்டேன்” என்றார். எனக்கும் அது நல்லதாகவே பட்டது.

அவள் அம்மா முனியம்மா தம்ளரோடு நின்றார். பெங்களூரில் கட்டட வேலை பார்த்தவர். “ரெண்டு நாளா தண்ணியே வேணாங்குது மேடம்.”

உதடு வெடித்திருந்தது. உடம்பு சுட்டது. இப்படியே விட்டால் ஆஸ்பத்திரிதான். குனிந்து காரணம் கேட்டேன்.

“குடிச்சா வெளிய போகணும். மேடையிலருந்து அம்மா தூக்கிட்டுப் போறப்ப எல்லாரும் பாக்கறாங்க.”

எனக்குச் சுரீரென்றது. சிம்மாசனம் கொடுத்தோம், கக்கூஸுக்கு எப்படிப் போவாள் என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை. கொல்லைக் கடைசியில் இருந்தது அது. உள்ளேயே கழிப்பறை உள்ளது மணமகள் அறை ஒன்றுதான். அதுவோ பூட்டிக் கிடந்தது.

“தை மொத முகூர்த்தத்துக்கு வெள்ளையடிச்சு வச்சிருக்கேன் மேடம். கல்யாணப் பொண்ணுதான் மொதல்ல நுழையணும். மொதலாளிக்குத் தெரிஞ்சா என்னைத் தொலைச்சிருவாரு.”

“பொண்ணு ரூம்ல ஒரு பொண்ணு இருந்தா எந்த முகூர்த்தம் கெட்டுப்போகும்?” என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் விட்டது.

வெங்கடப்பா செல்வியின் உதட்டைப் பார்த்தார். சாவி எடுத்துப்போய்க் கதவைத் திறந்துவிட்டார். முனியம்மா மகளை வாசலில் இறக்கினார். கையூன்றித் தவழ்ந்து, செல்வி தானே உள்ளே போனாள்.

மதியத்துக்குள் ஒரு சொம்பு தண்ணீர் காலி. ரசம் சோறும் இறங்கியது. வெங்கடப்பாவே இரண்டாவது சொம்பு கொண்டுவந்து வைத்தார். எங்கள் வீட்டில் கக்கூஸ் நாலெட்டு தூரம். அதை ஒரு பாக்கியமாக நான் எண்ணியதே இல்லை.

மூன்று மணிக்குச் சொல்லிக்கொள்ளப் போனேன். கழிப்பறைக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினேன்.

“இருங்க, வரேன்” என்றாள் செல்வி.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. சந்தோஷமாகக் காத்திருந்தேன்.