நோவாக்கும் நோவாகோவாவும்

பெருங்களத்தூரில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளர் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர். மடிப்புக் கலையாத அரைக்கைச் சட்டை, அதன் பையில் எப்போதும் ஒரு சிவப்புப் பேனா. லிஃப்டில் ஒட்டிய நோட்டீஸைக்கூடத் திருத்தி, கீழே கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் மாடி ஏறுவார்.

மறைமலை நகரில் வேலைக்கு வந்த செக் நாட்டு இன்ஜினியர் ஒருவர், மனைவியோடு குடிவர வீடு கேட்டார். இருவரின் பாஸ்போர்ட் நகல்களிலும் சிவப்பாகச் சுழித்து, செயலாளர் என்னிடம் நீட்டினார்.

"இவர் நோவாக். அந்தம்மா நோவாகோவா. இங்கிலீஷ்ல ஹஸ்பெண்டு, வைஃபுக்கு ஒரே சர்நேம்தான். இது ஃபேமிலி இல்ல சார்."

"அவங்க ஊர்ல பொம்பளைங்க பேர்ல 'ஓவா' சேர்ப்பாங்க சார். ரெண்டும் ஒரே பேர்தான்."

"இங்கிலீஷ்ல அப்படிக் கிடையாது."

"உங்க பாஸ்போர்ட்ல சர்நேம் என்ன சார்?"

"எங்கப்பா பேரு."

"மேடத்துக்கு?"

"அவங்கப்பா..."

நாற்பது வருடக் குடித்தனம் ஒரு நொடி சட்டவிரோதமாகி நின்றது. பேனாவை மூடினார். அவர்களுக்கு வீடு கிடைத்தது.

ஆனால் தோற்றால் அவர் ஆசிரியரா? மறுநாளே அர்த்தம் தேடிக்கொண்டு வந்துவிட்டார்.

"நோவாக்னா ஊருக்குப் புதுசா வந்தவன்னு அர்த்தம். பேர்லயே இருக்கு பாருங்க. மீட்டிங்ல அவர் வாயைத் திறக்கக் கூடாது."

பதினோரு வருடமாக அங்கே வாடகைக்கு இருக்கும் என்னையும் அவர் எல்லோரிடமும் "புதுசா வந்தவர்" என்றுதான் அறிமுகப்படுத்துவார். என் பாஸ்போர்ட்டில் காலியாகக் கிடக்கும் சர்நேம் என்னவென்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.