உயிரோடிருப்பவனுக்கு ஒரு பூசை

2011-இல் என் மகளின் கல்யாண ஓலை, மூன்று ஞாயிறு பூசையில் வாசிக்கிற அறிவிப்பு, எங்கள் மாதா கோயிலில் இரண்டு ஞாயிறு வாசிக்கப்பட்டது. மூன்றாவது ஞாயிறு வாசிக்கப்படவில்லை. கல்யாணத்துக்கு ஏதாவது தடை தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று ஓலையின் முடிவில் ஒரு வாக்கியம் வரும். சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். யாரும் போய்ச் சொன்னதாகத் தெரியாது. சொன்னவன் என் நண்பன். அவனும் சாமியாரிடம் போகவில்லை. நேராகச் சிதம்பரத்துக்கு, மாப்பிள்ளை வீட்டுக்கே போய்விட்டான்.

கடலூர் முதுநகரில் எங்கள் தெருவிலேயே அவன் வீடும். ஞானஸ்நானத்தில் என் மகளைக் கையில் ஏந்திய ஞானத்தகப்பன் அவன்தான். 2004-இல், பதினைந்து வயதில், அவளுக்கு முதல் தடவை வலிப்பு வந்தது. பாண்டிச்சேரியில் காட்டினால் சொந்தக்காரர்கள் கண்ணில் படும் என்று பயந்து, சிதம்பரத்தில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவனும் வந்தான். புதுச்சத்திரம் தாண்டியதும் பஸ்ஸிலேயே அவளுக்கு மறுபடி வந்தது. அவள் தலையைத் தன் மடியில் ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டு, எட்டிப் பார்த்த கண்டக்டரிடம், "ஒண்ணுமில்லீங்க, பித்தம். பஸ்ஸு ஒத்துக்காது இவளுக்கு" என்றான். எங்களுக்காக அவன் சொன்ன பொய் அது. அவனைத் தவிர வெளியாள் ஒருவருக்கும் விஷயம் தெரியாது.

மூன்று வருடம் மாத்திரை. பிறகு டாக்டரே நிறுத்தச் சொன்னார். அதன்பின் வரவில்லை. கல்யாணம் பண்ணலாம் என்றும் அவரே சொன்னார். மாப்பிள்ளை வீட்டில் நான் எதையும் சொல்லவில்லை.

இரண்டாவது ஓலை வாசித்த மறுநாள் மாப்பிள்ளையின் அப்பா போன் செய்தார். "பொண்ணுக்கு வலிப்பு இருக்காமே. உங்க கூடவே டாக்டர் வீட்டுக்கு வந்தவருதான் சொல்றாரு." அவ்வளவுதான். மறுபடி அவர் போனை எடுக்கவில்லை.

நண்பன் வீட்டுக்குப் போனேன். வாசலில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான்.

"ஏன் மச்சான்?"

அவன் நிமிரவில்லை. "கோயில்ல கேக்குறாங்க இல்ல. தெரிஞ்சவன் கம்முனு ஒக்காந்திருக்க முடியுமா?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே. தெருவுல நாலு வீடு தள்ளி இருக்கேன்."

பம்பை மறுபடி அடிக்க ஆரம்பித்தான். நான் திரும்பி வந்துவிட்டேன்.

அந்த மூன்றாவது ஞாயிறு எங்களுக்குப் பின்னால் இருந்தவர்கள் ஓலைக்காகக் காத்திருந்தது எனக்குத் தெரிந்தது. சாமியார், தெருவுக்குத் தெரு நடக்கும் அன்பிய ஜெபக் கூட்ட அறிவிப்புக்குப் போய்விட்டார். மகள் முக்காட்டை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டாள். வீட்டில் அவள் அழவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. இந்தக் கவலையில் மறுபடி வலிப்பு வந்துவிடுமோ என்று அவள் குளிக்கப் போனால்கூடக் கதவுக்கு வெளியே நின்றேன்.

இரண்டு மாதம் நான் நற்கருணை வாங்கவில்லை. கடைசியில் பாவசங்கீர்த்தனத்தில், ஒரு ஆளை மன்னிக்க முடியவில்லை என்றேன். சாமியார் காரணம் கேட்கவில்லை. "அவரு பேர்ல ஒரு பூசை வைக்கச் சொல்லிக் கருத்து எழுதிக் குடுங்க. மனசு அப்புறமா வரும்" என்றார்.

பங்கு அலுவலகத்தில், சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் பூசைக் கருத்து நோட்டை விரித்தார். இடது பக்கம் உயிரோடு இருப்பவர்கள், வலது பக்கம் இறந்தவர்கள். நண்பனின் பெயரைச் சொன்னேன். உபதேசியார் அந்த வாரம்தான் எங்கள் பங்குக்கு வந்தவர். அவனைத் தெரியாது.

"இருக்காரா, எறந்துட்டாரா?"

நான் நோட்டின் இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். உபதேசியார் என் முகத்தைப் பார்த்தார். "சரி, சரி, மனசத் தேத்திக்குங்க" என்று சொல்லிவிட்டு வலது பக்கம் எழுதினார். நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, வியாழக்கிழமை காலைப் பூசைக்குத் தேதியும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். ஒரே ஒருவனைத் தவிர யாரிடமும் இதுவரை நான் இதைச் சொன்னதில்லை.

வியாழக்கிழமை அவனுடைய ஆன்ம இளைப்பாற்றிக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கப்படுவதாகச் சாமியார் வாசித்தார். தினமும் காலைப் பூசைக்கு வருகிறவன் அவன். மூன்றாவது பெஞ்சில் இருந்தான். அவன் பிடரி அசையவில்லை.

வெளியே செருப்பு மாட்டும் இடத்தில் ஒரு ஆயா அவனைப் பிடித்துக்கொண்டாள். "ஏம்பா, நீ எப்ப செத்த? ஒருத்தரும் சொல்லி அனுப்பலியே!"

"இப்பதான் ஆயா. ஒரு காப்பி குடிச்சிட்டுப் போலாம்னு எந்திரிச்சி வந்தேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். கூட்டம் கலைந்ததும் என்னிடம் வந்தான்.

"எழுதிக் குடுத்தது நீயா?"

"ஆமா."

"உபதேசியார் புதுசு. தப்பா எழுதிட்டாரு போல."

எனக்கு அவன் ஒரு வழி திறந்துவிடுகிறான் என்று தெரிந்தது. பஸ்ஸில் கண்டக்டரிடம் சொன்ன அதே குரல். "இல்ல. அவரு எழுதறத நான் பாத்துட்டுத்தான் வந்தேன்" என்றேன்.

அவன் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டிவிட்டு, "உன்கிட்ட மொதல்ல வந்து சொல்லியிருந்தா, நீ அவுங்ககிட்ட சொல்லியிருப்பியா மச்சான்?" என்று கேட்டான்.

நான் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டேன்.

"சொல்லியிருக்க மாட்ட" என்றான். "ஆனாலும் உன்கிட்டதான் நான் வந்திருக்கணும்." சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்து போனான். ஏறவில்லை.

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. நியாயம் இருந்ததால் கோபம் குறைந்துவிடவில்லை. என் பிள்ளையின் தலை அவன் மடியில் இருந்தது. அங்கிருந்து எடுத்ததைத்தான் அவன் கொண்டுபோய்க் கொடுத்தான்.

அன்று சாயங்காலம் வீட்டில் ஜெபமாலை. அந்த இரண்டு மாதமாக, பரலோக மந்திரத்தில் 'எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் பொறுப்பதுபோல' என்ற இடம் வந்தால் நான் நிறுத்திவிடுவேன். மனைவியும் மகளும் சொல்லி முடித்ததும் சேர்ந்துகொள்வேன். அன்று நிறுத்தவில்லை. சாமியார் சொன்ன மனசு வரவில்லை. வாய் மட்டும் சொன்னது. என் குரல் கேட்டதும் மகள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். பிறகு அடுத்த மணியைப் பிடித்தாள்.