அனுப்புநர் இல்லாத ரொட்டி

மூன்றாம் தபால் பீட்டின் நாய்கள் எல்லாம் சேர்ந்து இருபத்து நான்கு வருடமாக முயன்றும் முடியாததை ஒரு முக்காலி முடித்துவிட்டது. அதுவும் வேலை நேரத்தில் இல்லை, மழையில் இல்லை, படித்தெருவின் பாசி பிடித்த நூற்றுப் பதினெட்டுப் படிகளில் இல்லை. விடுமுறை நாளில், சொந்த வீட்டுச் சமையலறையில், பல்பு மாற்ற ஏறிய இடத்தில். தபாலக்காவின் வலது கணுக்கால் எலும்பு இரண்டு இடத்தில் விரிசல் விட்டிருந்தது.

டாக்டர் மாவுக்கட்டுப் போட்டுவிட்டு, "ஆறு வாரம் இந்தக் காலைக் கீழ ஊனக்கூடாது" என்றார்.

"ஆறு வாரமா? நாளன்னிக்கு எனக்கு டூட்டி இருக்கு டாக்டர்."

"கால் இருந்தாத்தான டூட்டி?"

தபாலக்கா என்பது தெருக்காரர்கள் வைத்த பெயர். வீட்டில் சண்டை வந்தால் கணவரும் அப்படித்தான் கூப்பிடுவார். முந்நூற்றுச் சொச்சம் வாசல்கள், ஏழு தெருக்கள், ஒரு நாளுக்கு ஒரு நடை. அதுதான் மூன்றாம் பீட். உட்காருவது என்பது அவள் ஜாதகத்திலேயே கிடையாது. கல்யாண வீட்டுக்குப் போனாலும் பந்தியில் உட்காராமல் தண்ணீர்ச் செம்பைத் தூக்கிக்கொண்டு அலைவாள். சினிமாவுக்குப் போனால் ஓரத்து நாற்காலிதான் வேண்டும், எழுந்து போக வசதியாக. அவளைக் கட்டிக்கொண்ட மனிதரோ கடிகாரம் பழுது பார்ப்பவர். முன்னறை மேசையில் ஒரு கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தால் மத்தியானம்வரை அசையமாட்டார். எறும்புக்குக் கொலுசு மாட்டச் சொன்னாலும் மாட்டுவார், அதுவும் நாலு காலுக்கு மட்டுமில்லை, ஆறுக்கும்.

முதல் மூன்று நாள் அவள் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து கம்பியைத் துடைத்தாள். துடைத்த கம்பியையே மறுபடி துடைத்தாள். ஒன்பது மணி ஆனால் உள்ளங்கால் ஊறும். கட்டுக்குள் ஊறினால் சொறியவும் முடியாது. கடிகாரக்காரர் நீள ஸ்க்ரூடிரைவர் ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார்.

நான்காம் நாள் பதினொரு மணிக்கு அவளுடைய பை தெருவில் போனது. பையைச் சுமந்தவர் பார்சல் பிரிவிலிருந்து வந்த மனிதர், நாற்பத்தைந்து வயதிருக்கும். வாயைத் திறந்தால் காற்று உள்ளே புகுந்துவிடும் என்று பயந்தவர்போல உதட்டை மூடியே வைத்திருப்பவர். அவர் தெருவை இடக்கோடியிலிருந்து தொடங்கினார். தபாலக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இருபத்து நான்கு வருடமாக அந்தத் தெரு வலக்கோடியிலிருந்துதான் தொடங்கும்.

"ஏங்க, அவர் தப்பான பக்கத்துலேருந்து போறாரு."

"கடிதாசி சரியான வீட்டுக்குப் போகுதா?"

"போகுது."

"அப்புறம் என்ன?"

"நீங்க வாட்சைப் பாருங்க" என்றாள்.

இரண்டாம் வாரம் போஸ்ட்மாஸ்டர் நலம் விசாரிக்க வந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் கெட்ட செய்தியைப் பழத்தோடு சேர்த்துக் கொண்டுவருகிற நல்ல மனிதர். ஆப்பிளை மேசைமேல் வைத்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"மேலேருந்து கேக்கறாங்கம்மா. அம்பதைத் தொடறவங்களை எதுக்குப் படியேற விடறீங்கன்னு. கட்டு பிரிச்சதும் கவுண்டருக்கு வந்துடுங்க. ஃபேன் இருக்கு. உட்கார்ந்து ஸ்டாம்ப் விக்கலாம்."

"உட்கார்ந்தா?" ஜெயிலுக்கா என்று கேட்பதுபோலக் கேட்டாள். "என் தெரு ஜனங்க விடமாட்டாங்க சார். வேற ஆள் போனா புகாரா எழுதித் தள்ளுவாங்க."

"எழுதட்டும், பாப்போம். புகார் வந்தா கட்டு பிரிச்ச மறுநாளே பீட் உங்களுக்குத்தான். வரலேன்னா கவுண்டர். இது என் சொல்."

அன்றிலிருந்து அவள் புகாருக்காகக் காத்திருந்தாள். பதினொரு மணிக்குப் பார்சல்காரர் அவள் வீட்டு ஜன்னலைத் தாண்டும்போது நிறுத்திக் கேட்பாள்.

"இன்னைக்கு யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?"

"இல்லக்கா."

"என்னைப் பத்தி?"

அவர் கொஞ்சம் யோசிப்பார். "வெயில் ஜாஸ்தின்னாங்க."

பக்கத்து வீட்டில் இருக்கும் நாத்தனார், கடிகாரக்காரரின் தங்கை, படித்தெரு முனையில் சலவைக் கடையில் துணி வாங்கிப் போடுகிறவள். ஊர் அழுக்கெல்லாம் அவள் கைக்கு வந்துதான் வெளுக்கும், செய்தி உட்பட. ஒருநாள் சாயங்காலம் அவள் கோதுமை மாவு மூட்டை ஒன்றைக் கொண்டுவந்து போட்டாள்.

"அண்ணி, அந்தக் கம்பி இன்னும் ரெண்டு நாள்ல தேஞ்சு அறுந்துடும். இதைப் பிசைங்க. எங்க அண்ணனாவது நல்ல ரொட்டியா நாலு திங்கட்டும்."

"பொங்கற ரொட்டியா? ஈஸ்ட்டைப் போட்டுட்டு அது எப்ப எழுந்திருக்கும்னு அரைநாள் காவல் காக்க என்னால ஆகாது."

"பொங்க வேணாம். மாவு, உப்பு, ஒரு கரண்டி எண்ணெய், வெதுவெதுன்னு தண்ணி. பிசைஞ்சு, தேச்சு, சுட வேண்டியதுதான்."

இது அவளுக்குப் பிடித்தது. மறுநாள் காலையிலேயே அடுப்பருகில் உயரமான ஸ்டூலில் உட்கார்ந்தாள். கட்டுப் போட்ட காலை நீட்டி வைத்தது அதே முக்காலியின்மேல்; குற்றவாளிக்குக் கொடுத்த தண்டனை அது. காலில் மாவுக்கட்டு, கையில் மாவு. பிசைந்த கையோடு தேய்த்தாள். மாவு ரப்பர்போல உள்ளே இழுத்துக்கொண்டது. விடாமல் அழுத்தி, கனத்த இரும்புத் தட்டில் போட்டுச் சுட்டாள்.

கடிகாரக்காரர் ஒரு வாய் கடித்தார். கடித்த வாய் திரும்பி வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "இதுல வாட்ச் ஸ்ட்ராப் வெட்டலாம்" என்றார்.

நாத்தனார் வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். "மாவைப் பிசைஞ்சா ஈரத்துணி போட்டு அரைமணி நேரம் விடணும் அண்ணி. அப்பத்தான் இளகும். அதுக்கும் ஓய்வு வேணும்ல?"

"அதுக்கென்ன, காலா ஒடிஞ்சிருக்கு?"

"மாவு உன்னை மாதிரி இல்லம்மா, அதுக்கு உட்காரத் தெரியும்" என்ற கடிகாரக்காரர், பழைய அலாரக் கடிகாரம் ஒன்றுக்குச் சாவி கொடுத்து அடுப்பு மேடையில் வைத்தார். "இது அடிக்கிற வரைக்கும் துணியைத் தூக்காத."

அந்த அரைமணி நேரம்தான் அவளுக்குப் பெரிய பாடு. துணியின் ஓரத்தைத் தூக்கிப் பார்ப்பாள்; கடிகாரக்காரர் முன்னறையிலிருந்தே இருமுவார். கைக்கு ஏதாவது வேண்டும். பழுப்புக் காகிதத்தைச் சதுரமாக வெட்டத் தொடங்கினாள். வெட்டிய காகிதத்தில் கை தானாக விலாசம் எழுதியது: படித்தெரு ஒன்பது. படித்தெரு இருபத்திரண்டு. எழுதிய பிறகுதான் யோசனையே வந்தது.

ஒன்பதில் ரிட்டயர்டு வாத்தியார், பல் கிடையாது. அவருக்கு மெல்லியதாக, சூட்டோடு மடித்தது. இருபத்திரண்டில் தையல்காரர், மொறுமொறுவென்று ஓரம் கருகினால்தான் பிடிக்கும். உச்சிப்படி வீட்டில் தனியாக இருக்கிற அம்மாவுக்கு உப்பு ஒரு கல் கூட. இதெல்லாம் யாரும் அவளிடம் சொன்னதில்லை. இருபத்து நான்கு வருடம் ஒரு வாசலில் நின்றால் உள்ளே என்ன வாசனை வரும், எதைத் திட்டிக்கொண்டு தின்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

அலாரம் அடித்தது. மாவு காது மடல்போல இளகியிருந்தது. சின்ன உருண்டைகளாகப் பிடித்து வட்டமாகத் தேய்த்துத் தட்டில் போட்டாள். மேலே கொப்புளம் கண்டதும் திருப்பி, துணிப்பந்தால் ஓரத்தை அழுத்தினாள். ரொட்டி மூச்சை இழுத்துப் பிடித்ததுபோல உப்பியது.

"ஏங்க, இங்க வந்து பாருங்க! எந்திரிக்குது, ஈஸ்ட் இல்லாமயே!"

பதினொரு மணிக்கு ஏழு பொட்டலங்களைப் பார்சல்காரரிடம் நீட்டினாள். "போற வழிதான? நம்ம ஞாபகம் இருக்கட்டும்னுதான்."

அவர் ஒவ்வொன்றாகத் திருப்பி விலாசத்தைப் படித்தார். பார்சல் பிரிவில் இருபது வருடம். மேலே எழுதியதைப் படி, கொடு, அடுத்ததை எடு. "சரிக்கா" என்று பையில் வைத்துக்கொண்டார்.

எட்டு நாள் இப்படி நடந்தது. ஒவ்வொரு நாளும் அவள் கேட்டாள், "என்ன சொன்னாங்க?"

"நல்லாருக்குன்னாங்க."

"அப்புறம்?"

"நன்றின்னாங்க."

நன்றி அவளுக்கு வந்தது என்றே நினைத்து, இரவு நன்றாகத் தூங்கினாள். எட்டாம் நாள் சாயங்காலம் நாத்தனார் படியேறி வரும்போதே சிரித்துக்கொண்டு வந்தாள்.

"அண்ணி, சேதி தெரியுமா? படித்தெரு முழுக்க அந்தப் பார்சல்காரர் பேச்சுத்தான். மனுஷன் வாயத் திறக்கமாட்டாராம், மனசு தங்கமாம். அவர் பொண்டாட்டி கைப்பக்குவம் யாருக்கும் வராதாம்."

"அவருக்கு ஏதுடி பொண்டாட்டி?"

"அது உங்களுக்கும் எனக்கும் தெரியும். வாத்தியாருக்குத் தெரியணுமே!"

தபாலக்காவின் முகம் அடுப்புத் தணல்போலச் சிவந்தது. "நான் மாவு பிசைய, அவர் பேர் வாங்கறாரா? ஊமைக் கோட்டான்! ஒரு வார்த்தை, தபாலக்கா குடுத்தாங்கன்னு சொன்னா வாய் வெந்தா போயிடும்?"

கடிகாரக்காரர் எழுந்து வந்தார். அவர் எழுந்து வருவதே அபூர்வம். மீதியிருந்த காகிதம் ஒன்றை எடுத்து முன்னும் பின்னும் பார்த்தார்.

"அனுப்புநர் எங்க?"

"என்னது?"

"பெறுநர் முத்து முத்தா எழுதியிருக்க. பின்கோடுகூடப் போட்டிருக்க. யார் அனுப்பினாங்கன்னு எங்க எழுதியிருக்கு?"

தபாலக்கா காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். வாழ்நாள் முழுக்கப் பெறுநரை மட்டுமே பார்த்த கண். ஒரு கடிதத்தின் அந்த மூலை அவளுக்கு வேலை வைத்ததே இல்லை. மற்ற இருவரில் முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை; அவள் மட்டும் சிரிக்கவில்லை.

மறுநாளிலிருந்து பொட்டலம் நின்றது. பெயர் எழுதி அனுப்பலாமே என்றார் கடிகாரக்காரர். "இப்பப் போய் 'அது நான்தான், நான்தான்'னு கையைத் தூக்கவா? வேணாம்" என்று சொல்லிவிட்டாள். ஆனாலும் கை சும்மா இருக்குமா? வீட்டுக்கென்று பிசைந்தாள். பார்சல்காரர் ஜன்னலோரம் ஒரு கணம் நிற்பார். கை வெறுமையாக இருப்பதைப் பார்ப்பார், போய்விடுவார்.

நான்காம் நாள் காலை, மாவின்மேல் ஈரத்துணியைப் போட்டு அலாரத்தைத் திருப்பி வைத்த நேரத்தில் போஸ்ட்மாஸ்டர் வந்தார். இந்த முறை கையில் பழம் இல்லை. புகார்ப் புத்தகம் இருந்தது.

"நீங்க சொன்னது சரிதான்மா. ஏழு புகார். ஒரே நாள்ல."

அவளுக்கு நெஞ்சு ஒரு படி ஏறி நின்றது. புத்தகத்தை வாங்கினாள். வாத்தியாரின் கையெழுத்து முதலில் இருந்தது. 'மூன்றாம் பீட் ஊழியர் வழக்கமாகக் கொண்டுவரும் ரொட்டி மூன்று தினங்களாக வந்து சேரவில்லை. வழியில் அவரே புசித்துவிடுகிறாரோ என ஐயம் எழுகிறது.' தையல்காரர் சுருக்கமாக, 'ரொட்டி வரலை, ஏன்?' என்று எழுதியிருந்தார்.

"என்ன ரொட்டின்னே எனக்குப் புரியலை" என்றார் போஸ்ட்மாஸ்டர். "அவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். 'அட்ரஸ் இருந்துச்சு, குடுத்தேன்'ங்கறாரு. யாரு குடுத்தனுப்பினான்னா, 'அனுப்புநர் எழுதலை சார்'ங்கறாரு. அதுக்கு மேல ஒரு வார்த்தை வரலை. வந்த பொருளை ஆளே தின்னுட்டார்னு எழுத்துல வந்தப்புறம் நான் சும்மா இருக்க முடியாதும்மா. விசாரணை வைக்கணும், பீட்லேருந்து எடுக்கணும். அது போகட்டும். என் சொல் சொல்தான். கட்டு பிரிச்சதும் நீங்களே போங்க."

முன்னறையில் கடிகாரக்காரரின் கை நின்றது. ஆனால் அவர் தலையைத் தூக்கவில்லை.

அலாரக் கடிகாரம் டிக் டிக் என்றது. இன்னும் பதினெட்டு நிமிடம். கட்டுக்குள் உள்ளங்கால் ஊறியது. சும்மா இருந்தால் போதும். பேச வேண்டியதுகூட இல்லை. நூற்றுப் பதினெட்டுப் படிகளும் அவள் காலுக்குக் கீழே திரும்பி வந்துவிடும். சும்மா இருப்பதுதான் அவளுக்கு வராதே. துணியின் ஓரத்தைத் தூக்கினாள், மூடினாள், மறுபடி தூக்கினாள். அனுப்புநர் எழுதலை சார். தெரிந்தும் சொல்லவில்லை, அந்த மனிதர்.

"சார், அந்த ரொட்டி நான் சுட்டது."

"நீங்களா?"

"நான்தான் அவர் கையில குடுத்தனுப்பினேன். மூணு நாளாக் குடுக்கலை. கோவம். அவர் ஒரு துணுக்குக்கூடத் தின்னிருக்கமாட்டாரு, அவருக்குன்னு நான் ஒண்ணுகூட நீட்டினதில்லையே. அந்த ஏழு புகாரையும் என் மேல எழுதிக்குங்க."

போஸ்ட்மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு பையிலிருந்து தாள் எடுத்து எழுதத் தொடங்கினார்; எழுதியதை அலுவலகக் குரலில் படித்தார்.

"மூன்றாம் பீட் தபால்காரி, முத்திரையும் அனுப்புநர் முகவரியும் இல்லாத பொருள்களை இலாகா ஊழியர் மூலம் அனுப்பியது குறித்து விளக்கம் தரவும். இது மெமோ. கையெழுத்துப் போடுங்க."

இருபத்து நான்கு வருடத்தில் அவள் வாங்கிய முதல் மெமோ. மாவுக் கையோடு வாங்கினாள்.

"விளக்கத்தை இப்பவே எழுதித் தரவா சார்?"

"மருத்துவ விடுப்புல இருக்கறவங்ககிட்ட விளக்கம் வாங்க ரூல் இல்ல. டூட்டில சேர்ந்த அன்னைக்குத்தான்."

"எந்த டூட்டில? கவுண்டர்லயா?"

"மெமோல என்ன போட்டிருக்குன்னு படிங்க. அந்த டூட்டில." பேனாவை மூடினார். "மேல நான் பேசிக்கறேன். ஆனா ஒண்ணு, மூணு மாசம் பாப்பேன். படியில ஒரு தடவை தடுக்கி விழுந்தாலும் கவுண்டர்தான், அப்ப நீங்க வாதாடக்கூடாது. கட்டு பிரிக்கற வரைக்கும் அவரே போகட்டும், பாவம்."

தபாலக்கா தாளை இன்னொரு முறை படித்தாள். மூன்றாம் பீட் தபால்காரி. கட்டுப் பிரிக்கப் பதினாறு நாள் இருந்தது. இனி ஒரு நொடிகூட உட்கார முடியாது என்று தோன்றியது. "இருங்க சார், ஒரு ரொட்டியாவது சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்று துணியை உருவி எறிந்துவிட்டு மாவைக் கிள்ளினாள்.

"இன்னும் பதினொரு நிமிஷம் இருக்கும்மா" என்றார் கடிகாரக்காரர், முன்னறையிலிருந்து.

"நீங்க வாட்சைப் பாருங்க."

தேய்க்கத் தேய்க்க மாவு உள்ளே இழுத்தது. அவளும் விடவில்லை. போஸ்ட்மாஸ்டர் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டார். மென்றார். அலாரம் அடித்து ஓய்ந்தது. இன்னும் மென்றுகொண்டிருந்தார். தபாலக்கா அதைக் கவனிக்கவே இல்லை. ஒரு பழுப்புக் காகிதத்தில் பார்சல்காரரின் பெயரை எழுதி, இடப்பக்க மூலையில் தன் விலாசத்தை முதல்முறையாக எழுதிக்கொண்டு, நிமிஷத்துக்கு ஒருமுறை ஜன்னலை எட்டிப் பார்த்தாள். பதினொன்றாக இன்னும் ஐந்து நிமிடம்.