திரைக்குள் எங்கள் தோப்பு

அறைத்தோழியின் லேப்டாப்பிலிருந்து கோடாரி மரத்தில் விழும் சத்தம் கேட்கிறது. சின்ன வயதில் நான் விளையாடிய அதே போர் விளையாட்டு.

அதில் நமக்கு வேண்டிய நிலத்தை நாமே அமைத்துக்கொள்ள ஒரு எடிட்டர் உண்டு. பேராவூரணியில் ஏழாவது படிக்கும்போது, போர்க்களத்துக்குப் பதிலாக அதில் எங்கள் தென்னந்தோப்பைப் போட்டுவைத்தேன். வரிசையாக மரங்கள், நடுவில் மோட்டார் கொட்டகை. எட்டிப் பார்த்த அப்பா, "இவ்வளவு நெருக்கி வச்சா எப்படிம்மா காய் புடிக்கும்?" என்று சிரித்தார். பாதி மரங்களை அழித்துவிட்டு, இடைவெளி விட்டு மறுபடி வைத்தேன்.

அந்த வருஷப் புயலில் தோப்பு மொத்தமும் சாய்ந்துபோனது. வாரக்கணக்கில் மரம் அறுக்கும் மெஷின் சத்தம்தான்.

கரண்டு திரும்ப வந்த அன்று அப்பா என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"அந்தத் தோப்பைக் கொஞ்சம் காட்டும்மா."

திறந்தேன். வரிசை வரிசையாகத் திரையை விரலால் தடவிக்கொண்டே போனார். கொட்டகையை ஒட்டிய மரத்தில் விரல் நின்றது. நான் பிறந்தபோது அவர் வைத்த மரம் அது.

"இதுல காத்து அடிக்காதுல்ல?"

"அடிக்காதுப்பா."

அறைத்தோழியின் திரையில் இன்னொரு மரம் விழுகிறது.

"சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சுக்கயேன்" என்கிறேன்.