ஸ்தோத்திரம் என்றொரு கெட்ட வார்த்தை

நான் பிறந்தது புக்கிட் செலம்பாவ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில். தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த லயத்துக்கு ஒரே ஒரு தண்ணீர்க் குழாய். வாய் உள்ளவளுக்குத்தான் முதல் வாளி. என் அம்மா ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போகிறவள். ஆனால் குழாயடியில் மட்டும் கர்த்தரை அவள் குறுக்கே வரவிட்டதில்லை. அந்த வாயைத்தான் எனக்குச் சீதனமாகக் கொடுத்து அனுப்பினாள்.

கல்யாணமாகி சுங்கை பட்டாணிக்கு வந்து, ஒரு கையுறைத் தொழிற்சாலையில் பேக்கிங் பகுதிக்கு சூப்பர்வைசர் ஆனேன். என் கீழே வேலை செய்தவர்களில் பாதிப் பேர் மியன்மார்க்காரர்கள். மலாயில் அக்காவைக் 'காக்கா' என்பார்கள். என் குரலுக்கு அது தமிழிலும் பொருந்தியது.

எங்கள் சபை பாக்கார் ஆராங் பகுதியில், ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் நடக்கிறது. ஒரு ஞாயிறு போதகர் நாக்கைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். யாரோ என்னைப் பற்றிக் கோள் சொல்லியிருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். முடிவில் நானே முன்னால் போய் நின்று தேம்பித் தேம்பி அழுதேன். அந்த அழுகையில் நடிப்பு இல்லை. போதகர் எனக்காக ஜெபித்துவிட்டு ஒரு யோசனை சொன்னார்.

"கெட்ட வார்த்தை வாய்க்கு வருதுன்னா, அந்த எடத்துல ஸ்தோத்திரம்னு சொல்லிப் பழகுங்க, சிஸ்டர்."

அப்படியே செய்தேன். எஸ் சைஸ் பெட்டியில் எம் சைஸ் கையுறையைப் போட்டால் ஸ்தோத்திரம். பெல்ட் நின்றால் ஸ்தோத்திரம். மேனேஜர் வந்து கத்திவிட்டுப் போனால், அவர் முதுகைப் பார்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு நீளமான ஸ்தோத்திரம். வார்த்தைதான் மாறியதே தவிர ராகம் பழைய குழாயடி ராகம்தான். எனக்கோ பரிசுத்தம் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே வருவதாக நினைப்பு.

கிறிஸ்மஸ் நெருங்கும்போது, தேவன் என்னை மாற்றிய கதையை அன்றைய ஆராதனையில் சாட்சியாகச் சொல்லும்படி போதகர் என்னிடம் கேட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. சபையில் பாதிப் பேர் என் தோட்டத்து ஆட்கள். அவர்களுக்கு நான் இன்னும் குழாயடிச் சண்டைக்காரியின் மகள்தான். ஒரு தடவையாவது அவர்கள் முன்னால் புது மனுஷியாக நின்றுவிட வேண்டும் என்று ரொம்ப ஆசைப்பட்டேன்.

அன்றைக்குச் சபையில் நடக்கும் கிறிஸ்மஸ் சாப்பாட்டுக்கு வரச்சொல்லி வேலையிடத்தில் எல்லாரையும் அழைத்தேன். வந்தவர் ஒரே ஒருவர்: என்னைவிட வயதில் மூத்த, நரைத்த மீசைக்கார மியன்மார் மனிதர். சைஸை அடிக்கடி மாற்றிப் போட்டு, என்னிடம் அதிகமாக ஸ்தோத்திரம் வாங்கியவரும் அவர்தான்.

ஆராதனை சூடு பிடித்தது. போதகர் கையை உயர்த்தினார். சபை முழுக்க எழுந்து நின்று, கண்ணை மூடி, "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று முழங்கியது. பக்கத்தில் அந்த மனிதர் நாற்காலியோடு ஒடுங்கிப்போய்க் கதவைப் பார்த்தார். பிறகு என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டார்.

"காக்கா, செமுவா ஓராங் மாரா சியாப்பா?"

எல்லாரும் யார்மேல் கோபமாக இருக்கிறார்கள் என்று கேட்கிறார்.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம்தான் உறைத்தது. நான் தேவனுக்குக் கொடுப்பதாக நினைத்த வார்த்தையைக் கேட்டுத்தான் இந்த மனிதர் தினமும் தலையைக் குனிந்திருக்கிறார். அந்த நேரம் பார்த்து என்னைச் சாட்சிக்கு அழைத்தார்கள். மனப்பாடம் செய்து வைத்திருந்ததெல்லாம் போன இடம் தெரியவில்லை. மைக்கைப் பிடித்து, வேலையிடத்தில் நான் ஸ்தோத்திரம் சொல்லும் விதத்தையும் அவர் கேட்டதையும் அப்படியே சொல்லிவிட்டு, கடைசியில் இதையும் சேர்த்தேன்.

"என் வார்த்தைதான் ரட்சிக்கப்பட்டிருக்கு. நான் இன்னும் இல்லலா."

சபை விழுந்து விழுந்து சிரித்தது. என் தோட்டத்துக்காரர்கள்தான் அதிகமாகச் சிரித்தார்கள். போதகர் அவசரமாகப் பாட்டை ஆரம்பித்து வைத்தார். என் விருந்தாளி மட்டும் ஒன்றும் புரியாமல் கைதட்டிவிட்டு, பிரியாணியை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

திங்கட்கிழமை மறுபடியும் சைஸ் மாறியது. வாயைத் திறந்தேன். பழைய வார்த்தைக்கு அனுமதி இல்லை. புது வார்த்தைக்கு வெட்கம். திறந்த வாயோடு நின்றேன்.

"காக்கா சாக்கிட்?" என்றார் அவர், எனக்கு உடம்புக்கு முடியவில்லையோ என்று பயந்து. ஒருவகையில் உண்மைதான்.

அப்புறம் சில மாதங்கள் ஊமையாக இருந்தேன். நெஞ்செரிச்சலுக்கு மாத்திரை வாங்கி வாங்கிக் கிளினிக்காரருக்கு என்மேல் பிரியம் வந்துவிட்டது. நடுவே பழைய வார்த்தை வெளியே குதித்த நாளும் உண்டு. அன்றைக்கு வீட்டில் முழங்காலில் நின்று ஆண்டவரிடம் திட்டு வாங்கிக்கொண்டு, மறுநாள் திரும்ப வாயை மூடுவேன்.

வாயை மூடினால் கண் சும்மா இருப்பதில்லை. ஒருநாள் அவர் பெட்டியைக் கையெட்டும் தூரத்துக்கு நீட்டி, கண்ணைச் சுருக்கிப் பார்ப்பதைக் கவனித்தேன். மனிதருக்குப் பொடி எழுத்து தெரியவில்லை. வேலை போய்விடுமோ என்று யாரிடமும் சொல்லாமல் மறைத்திருக்கிறார். இத்தனை நாளாக அவர் தலைக்குமேல் ஸ்தோத்திரம் பண்ணிக்கொண்டிருந்த எனக்கு அது கண்ணில் படவே இல்லை.

பசார் மாலாமில், அந்த இரவுச் சந்தையில், படிக்கிற கண்ணாடி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். மறுநாள் அதை மாட்டிக்கொண்டு, பெட்டியைக் கிட்டத்தில் பிடித்து, "எம்" என்று சத்தமாகப் படித்து, சரியான அடுக்கில் வைத்தார்.

"ஸ்தோத்திரம்," என்றேன். என்னை அறியாமலே வந்துவிட்டது.

அவர் திடுக்கிட்டுத் தலையைத் தூக்கினார். கண்ணாடிக்குள் கண் இரண்டும் பெரிதாகத் தெரிந்தன. என் முகத்தைக் கொஞ்ச நேரம் நன்றாகப் பார்த்தார். பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை என்று அடுத்த பெட்டியை எடுத்தார்.