பத்தொன்பது கோழிகளும் ஒரு ரப்பர் ஸ்டாம்பும்

கோழியின் இறக்கையை விரித்துப் பிடித்தாகிவிட்டது. ஊசியும் தயார். ஆனால் வைஜெயந்தி குத்தமாட்டார். "மொதல்ல இதக் கேட்டுக்க. இந்த வைரஸு உள்ள பூந்து இன்னா பண்ணுது தெரியுமா?" என்று ஆரம்பிப்பார். வீட்டுக்காரிக்கு அடுப்பில் உலை பொங்கும், வாசலில் மீன்காரர் ஹாரன் அடிப்பார், கோழியே பொறுமையிழந்து அவர் புடவையில் தன் அபிப்பிராயத்தைத் தெரிவித்துவிடும். பாடம் முடியாமல் ஊசி இறங்காது.

மரக்காணத்து உப்பளங்களை ஒட்டிய ஊர்களில் வீட்டுக் கோழிகளுக்குத் தடுப்பூசி போடுகிற தற்காலிக வேலை அவருக்கு. வயது நாற்பத்தாறு. நீல நிற ஐஸ் பெட்டியை ஸ்கூட்டரின் முன்பக்கம் வைத்து, இரண்டு முழங்காலாலும் இடுக்கிக்கொண்டு வருவார். இந்த வேலைக்காக வானூரில் ஒருநாள் பயிற்சி கொடுத்தார்கள். மதியம் பிரியாணி. அதற்குப் பிறகு நடந்த வகுப்பில் நாற்பத்திரண்டு பேரில் நாற்பத்தொரு பேர் தூங்கிப்போனார்கள். கண் கொட்டாமல் கேட்டவர் இவர் ஒருவர்தான். அந்தப் பிரியாணி இன்றுவரை இந்தப் பக்கத்துக் கோழிக்காரர்கள் தலையில் விடிந்துகொண்டிருக்கிறது.

"வைரஸு தானா குட்டி போடாதும்மா. அதுங்கிட்ட இருக்கறது ஒரே ஒரு நூலு. ஆர்.என்.ஏ.ன்னு பேரு. கோழிக்கு வர்ற வெள்ளக்கழிச்சல் இருக்குது பாரு, அந்த வைரஸுல இந்த நூலு ரப்பர் ஸ்டாம்பு மாதிரி. எழுத்தெல்லாம் திருப்பிச் செதுக்கியிருக்கும். கோழியோட செல்லுக்கு அதப் படிக்கத் தெரியாது. அதனால ஸ்டாம்பு குத்தற ஆளையும் கூடவே கூட்டியாருது. அவன் உள்ள வந்ததும் குத்து குத்துன்னு குத்தித் தள்ளுவான். குத்துன காயிதத்தப் படிச்சிட்டு, இந்தப் பைத்தியக்கார செல்லு அதுக்கு வேணுங்கற சாமானெல்லாம் மாங்கு மாங்குன்னு செஞ்சு குடுக்கும். அப்புறம் அவனே முழுசா ஒரு காயிதம் குத்தி, அதப் பாத்துப் பாத்துப் புது ஸ்டாம்பு செதுக்குவான். புது ஸ்டாம்பு, புது ஆளு, அடுத்த செல்லுக்குக் கெளம்பிடும்."

"தப்பாச் செதுக்கிட்டா?" என்று தெரியாத்தனமாக யாராவது கேட்டுவிட்டால் இன்னும் பத்து நிமிடம். "செதுக்குவான்! நெறையத் தப்பு பண்ணுவான். சரி பாக்க ஒரு ஆளு கெடையாது அங்க!" கோழி சாவதைக்கூட அவர் தாங்கிக்கொள்வார் போலிருக்கிறது. சரிபார்க்க ஆளில்லை என்பதுதான் அவருக்குத் தாங்காது. கண் பட்டதால்தான் கோழிக்குச் சீக்கு என்று டீக்கடையில் யாரோ சொன்னதற்காக, வண்டியை நிறுத்தி இறங்கி, ஐஸ் கரையும்வரை சண்டை போட்டவர் அவர். தப்பான தகவலை அப்படியே விட்டுவிட்டுப் போக அவரால் முடியாது.

அப்படிப்பட்டவர் போன புரட்டாசியில் உப்பளத் தொழிலாளர் குடியிருப்பில் போய் நின்றார். ஒரே வரிசையாகப் பன்னிரண்டு வீடு. வரிசையில் மூத்தவரான கொளஞ்சியம்மாள் சரியென்றால் பன்னிரண்டும் சரி, மாட்டேனென்றால் பன்னிரண்டும் மாட்டேன். அடுத்த ஊரில் கோழிகள் சுருண்டு விழத் தொடங்கிவிட்டன. ஐப்பசி மழை இறங்கினால் உப்புப் பாத்திகளில் தண்ணீர் நிற்கும், மூன்று மாதம் வேலை இருக்காது. அந்த மூன்று மாதமும் அடுப்பு எரிவது முட்டையாலும் சேவலாலும்தான். வைஜெயந்தி மருந்தையும் கலக்கிவிட்டார். கலக்கிய மருந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்காது.

தன் பத்தொன்பது கோழிகளையும் கூடைபோட்டுக் கவிழ்த்துவிட்டு, அதன்மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார் கொளஞ்சியம்மாள்.

"வேணாம்மா. போன வருசம் சீக்கு வந்தப்ப, மிச்சம் இருந்த நாலுக்கு நீதான் குத்துன. மூணாம் நாளு நாலும் போச்சு."

"நான் வர்றதுக்குள்ள உள்ள பூந்துடுச்சுக்கா. நான் ஒரு குத்து குத்தறதுக்குள்ள அவன் ஆயிரம் குத்திட்டான்."

"உன் ஸ்டாம்புக் கதைய வேற எங்கனா சொல்லு. முப்பது வருசமா உப்புல நிக்கற காலு இது. ஒரு புழு பூச்சி அண்டியிருக்குதா? செத்த கோழியவே நான் உப்புக்கண்டம் போட்டு இந்த வரிசைக்கே குடுத்தேன். எவளுக்காவது வயித்த வலிச்சுதா? உப்புல எந்தக் கிருமி நிக்கும்?"

"இந்த மருந்தக்கூட உப்புத் தண்ணியிலதான்க்கா கலக்கியிருக்கறேன்."

"அப்பறம் இன்னா? அந்த உப்ப நாங்களே போட்டுக்கறோம், நீ கெளம்பு."

வேலிக்கு வேலி சிரிப்பு பறந்தது. வைஜெயந்தி சிரிக்கவில்லை. அவர் புத்தி வேறெங்கோ மாட்டிக்கொண்டிருந்தது. கூடையருகே குந்திக் கேட்டார்: "கறிக்கு உப்பு போட்ட, சரி. கொடலுக்கு?"

"கொடலுக்கு எவ உப்பு போடுவா? குப்பமேட்டுல கொட்டுனேன். வரிசைக் கோழியெல்லாம் வந்து கொத்தி..."

போன வருடம் முதலில் செத்தது கொளஞ்சியம்மாளின் கோழிகள். குடல் குப்பைமேட்டுக்குப் போனது அன்றைக்கு. மற்ற பதினோரு வீட்டிலும் விழ ஆரம்பித்தது அதற்கடுத்த வாரம். கூடையிலிருந்து கால் தானாகக் கீழே இறங்கியது. "அப்ப, நாந்தானா?" என்றார், வைஜெயந்திக்கு மட்டும் கேட்கிற குரலில். வைஜெயந்தி வாயில் தயாராக வைத்திருந்த பாடத்தை விழுங்கிவிட்டு, ஆமாம் என்று மெல்லத் தலையை மட்டும் ஆட்டினார்.

கொளஞ்சியம்மாள் முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார். கூடைக்குள் கைவிட்டு முதல் கோழியைத் தானே எடுத்து நீட்டினார். பிறகு தெருவே அதிரக் கத்தினார். "இன்னாத்தடி வேடிக்க பாக்கறீங்க? போய்க் கோழியப் புடிங்கடி!"

பிடித்தார்கள். பத்தொன்பதும் முடிந்தபோது பக்கத்து வீட்டுப் பொன்னி, கக்கத்தில் ஒரு கோழியும் கையில் ஒரு கோழியுமாக வந்து நின்றாள். போன வருடம் அவள் வீட்டில் பதினான்கு போயிருந்தன.

"ஏன்க்கா, இத்தன வெவரம் சொல்றீங்களே. போன வருசம் எங்க வரிசைக்கு எங்கேருந்துதான் வந்துச்சு அது?"

அவளிடமிருந்து கோழியை வாங்க நீண்ட கொளஞ்சியம்மாளின் கை அப்படியே நின்றது.

"காக்கா எங்கேருந்தாவது கொத்தியாந்து போட்டிருக்கும்," என்றார் வைஜெயந்தி. ஊசியை வெயிலில் உயர்த்திப் பிடித்து, இல்லாத காற்றுக்குமிழைப் போக்க விரலால் இரண்டு முறை சுண்டினார்.