மேற்பார்வையாளர் வீட்டுத் தொட்டி

வீடு வீடாகப் போய்த் தண்ணீர்த் தொட்டிகளில் கொசுப்புழு நெளிகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்து மருந்து ஊற்றுவதுதான் அவர் வேலை. தெருவே அவரைக் 'கொசுக்கா' என்றுதான் கூப்பிடும். கொசுக் காய்ச்சலுக்குத் தம்பியைப் பறிகொடுத்தவர் என்பதால் ஒரு வீட்டையும் விடமாட்டார்.

அன்று, தினமும் மருந்து கொடுத்தனுப்பும் தன் மேற்பார்வையாளரின் வீட்டுத் தொட்டியைத் திறக்கப் போனபோது அவரே ஓடிவந்து தடுத்தார்.

"இங்க வேண்டாம்க்கா. நாங்களே கழுவிக்கிறோம்."

"ஏன் சார்?"

"வீட்டுல மாசமா இருக்காங்க. சில மருந்து ஹார்மோனையே குழப்பிடும்னு டாக்டர் சொன்னாரு."

"இதுவுமா?"

"தெரியலக்கா. நமக்கு எதுக்கு வம்பு?"

கொசுக்காவின் மகளும் மாசமாகத்தான் இருந்தாள். அவள் வீட்டுத் தொட்டியில் போன வாரம் தன் கையாலேயே மருந்து ஊற்றியிருந்தார். நேரே அங்கே போய்த் தொட்டியைக் கவிழ்த்து, தேய்த்துக் கழுவி, அதன் வாயில் வலைத்துணியை இறுக்கிக் கட்டினார்.

"என்னம்மா ஆச்சு?" என்றாள் மகள்.

"ஒண்ணுமில்ல. இனிமே நானே வந்து கழுவித் தர்றேன்."

மறுநாள் அலுவலகத்தில் மருந்து டப்பாவைக் கையில் வாங்கவில்லை.

"இதுல என்ன இருக்குன்னு சொல்லுங்க சார், எடுத்துட்டுப் போறேன்."

மேற்பார்வையாளர் டப்பாவை அடுத்து நின்றவரிடம் நீட்டினார். கொசுக்கா பிரஷ்ஷையும் வலைத்துணியையும் எடுத்துக்கொண்டு தெருவுக்குக் கிளம்பினார்.